எச்சில் அடித்துச் செல்லாத மருந்து



சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் பிடோக் என்று ஒரு பகுதி உண்டு. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெரிய குடியிருப்பு நகரம். ஒரு காலத்தில் அங்கே தென்னந்தோப்புகளும் கடலோரக் கம்பங்களும் குன்றுகளும் இருந்தன. 1966-ஆம் ஆண்டு தொடங்கி அந்தக் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டிப் புது நிலம் எழுப்பினார்கள். கொட்டுவதற்கு இயந்திரங்கள் இருந்தன. கொட்டியதை அலை இழுத்துக்கொண்டு போகாமல் நிறுத்துவதற்குத்தான் யோசனை வேண்டியிருந்தது. கரை நெடுகிலும் இடம் விட்டு இடம் கல்லணைகள் கட்டினார்கள். இரண்டு அணைகளுக்கு நடுவே மணல் பிறைபோல ஒதுங்கித் தங்கியது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நடக்கிறவர்கள் அந்தப் பிறைகளை இன்றும் பார்க்கலாம்.

வாய்க்குள் மருந்து போட வந்த வைத்தியர்களுக்கும் இதே தொல்லைதான். காலில் ஒரு புண் என்றால் களிம்பைத் தடவித் துணியால் கட்டிவிடலாம். வாயில் எதைக் கட்டுவது? நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. பேசுகிறோம், சாப்பிடுகிறோம், தேத்தண்ணீர் குடிக்கிறோம், நாக்கு ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கிறது. காலையில் தடவிய மருந்து வெயில் ஏறுவதற்குள் வயிற்றுக்குப் போய்விடும். ஆகையால் வாய் அழற்சிக்கு மருத்துவம் கண்ட வரலாற்றில் பெரும்பகுதி, இருக்கிற மருந்தை எப்படித் தங்கவைப்பது என்று தேடிய வரலாறாகவே இருக்கிறது. அந்த வரலாற்றில் தோட்டத்து மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். தாடை எலும்பில் பல்லை ஆணிபோல அடித்து வைத்திருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லியதோர் இடைவெளி இருக்கிறது. அதன் குறுக்கே எண்ணற்ற நுண்ணிய நார்கள் ஓடுகின்றன. கூடாரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதைப்போல அந்த நார்கள்தாம் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே ஈறு மூடியிருக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையில், நல்ல வாயில், ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். பல்லின்மேல் படியும் அழுக்குப் படலத்தை எடுக்காமல் விட்டால் அது காறையாக இறுகுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. துப்பினால் இரத்தம் தெரிகிறது. சிலருக்கு நோய் இத்துடன் நிற்கும். பலருக்கு உள்ளே இறங்கும். நார்கள் அறுபட்டு, எலும்பு கரைந்து, பள்ளம் ஐந்து, ஆறு, எட்டு மில்லிமீட்டர் என்று ஆழமாகும். அதை ஈற்றுப் பை என்கிறார்கள்.

இந்தப் பைக்குள் பல் துலக்கும் பிரஷ் எட்டாது. வாய் கொப்பளிக்கிற மருந்தும் எட்டாது. எட்டினாலும் நிற்காது, பையின் அடியிலிருந்து நீர் ஊற்றுப்போல ஊறி எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. ஐந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பையில் இருக்கும் நீர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 தடவை மாறிவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் வலி இருக்காது. பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் மனிதன் கண்ணாடியில் போய் வாயைப் பார்க்கிறான்.

நம் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆலங்குச்சி, வேலங்குச்சி, கரி, உப்பு, கருவேலம்பட்டைப் பொடி எல்லாம் கையாண்டார்கள். ஆஸ்பத்திரிகளிலும் மருந்துச்சாலைகளிலும் வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவினார்கள். ஈறு வீக்கத்துக்குக் கிளிசரினில் கலந்த துவர்ப்பு மருந்தைப் பூசினார்கள். கிளிசரின் பிசுபிசுப்பானது, சற்று நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் அதில் உள்ள யோசனை. தங்கவைக்கும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் கருவேலம்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இதே பட்டையைத் தோல் பதனிடுகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் அதற்கு உதவியது. பட்டையில் உள்ள துவர்ப்பு, ஆட்டுத் தோலின் நார்களோடு பிணைந்து அழுகாமல் இறுக்கிவிடுகிறது. ஈறில் வைத்தால் ஈறு சுருங்கி இறுகுவதுபோல் தோன்றுவதும் அந்தத் துவர்ப்பினால்தான். தோல் தொட்டியிலும் நம் வாயிலும் நடப்பது ஒரே வகை வேலை. இரண்டு இடத்திலும் உள்ள நார் ஒரே நார். அதன் பெயர் கொலாஜன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் வரும்.

இனி மலைநாட்டுக்குப் போவோம். ஹரால்ட் லோ என்பவர் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர். 1965-இல் அவரும் கூட்டாளிகளும் டென்மார்க்கில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் அழற்சி அடங்கியது. ஈறு அழற்சிக்குப் பல்லின்மேல் படியும் படலமே காரணம் என்பதில் அதற்குப் பிறகு ஐயம் இருக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் பல் வைத்தியமே இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? அதை மாணவர்களைக் கொண்டு சோதிக்க முடியாது.

பல் வைத்தியமே இல்லாதவர்களைத் தேடி, 1970-இல் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். பூண்டுலோயா பக்கத்தில் டன்சினேன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்கள், எல்லோரும் ஆண்கள், 14 வயது முதல் முப்பதைத் தாண்டியவர்கள் வரை. அவர்களுடைய வாயை அளந்து குறித்தார்கள். பிறகு 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களை அளந்தார்கள். மலைநாட்டின் மிகச் சங்கடமான காலம் அது. 1964-ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த ஆண்டுகள். 1985-இல் கடைசியாக அளந்தபோது முதலில் இருந்த 480 பேரில் 161 பேர்தான் மிஞ்சினார்கள்.

அவர்கள் கண்டது என்ன? சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. ஆனால் காறையும் ஈறு அழற்சியும் இல்லாத வாய் கிடையாது. இதுவரை எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அடுத்தது. எல்லோருக்கும் ஒரே அழுக்கு இருந்தும், எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. நூற்றுக்கு 8 பேர் அளவில் நோய் வேகமாகப் பாய்ந்தது. இருபது வயதிலேயே பற்கள் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்கள், 40-இல் 20 பற்கள், 45-இல் ஒரு பல்லும் இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நிதானமாக நடந்தது. முப்பதுக்குமேல் விழத் தொடங்கி 45 வயதில் 7 பற்கள் போயிருந்தன. மிச்சமுள்ள 11 பேருக்கு ஈறு அழற்சியோடு சரி. பல் ஒன்றும் விழவில்லை. இந்த முடிவுகள் 1986-இல் அச்சாயின. இன்றைக்கும் உலகத்தில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் ஈறு நோயின் இயற்கைப் போக்கைப் படிக்கிற மாணவன் இந்தத் தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றிப் படிக்காமல் இருக்க முடியாது. 2010-இல் அந்த 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் அளந்தார்கள். நாற்பது ஆண்டு வரலாறு கொண்ட இப்படி ஓர் ஆய்வு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

படிக்கும்போது மனம் நெருடத்தான் செய்கிறது. அறிவுக்கு இது பெரிய கொடை. கொடுத்தவர்கள் பல்லைக் கொடுத்தார்கள். இப்படிப் பதினைந்து ஆண்டுகள் அளந்து பார்த்துக்கொண்டிருப்பது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான் என்பது என் எண்ணம். அந்த ஆட்களின் வாயிலிருந்து பிறந்த அறிவினால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காவது பயன் கிட்ட வேண்டும் என்று நினைத்தே இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டேன்.

அறிவு கொடுத்த பாடம் இதுதான். வேகமாகப் பாய்கிற நோய் உள்ள சிலருக்கும், ஆழமான பை விழுந்த இடங்களுக்கும் சாதாரணச் சுத்தம் போதாது. பைக்குள்ளேயே மருந்து இறங்கித் தங்க வேண்டும். எந்த மருந்து? லோ அவர்களே 1970-இல் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைக் கரைத்துக் கொப்பளித்தால் பல்லில் படலம் படியாது என்று காட்டினார். மருந்து இருந்தது. தங்கும் வழிதான் இல்லை.

வழியைத் தேடினால் மறுபடியும் அந்தக் கொலாஜன் நாரிடம்தான் வந்து நிற்கிறோம். அதன் அமைப்பைக் கண்டுபிடித்த இடம் சென்னை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்தார் ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்தவர், சர் சி. வி. இராமனின் மாணவர். அப்போது அவருக்கு வயது முப்பது. சென்னைக்கு வந்த ஆங்கில நாட்டு விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் நாரின் கட்டமைப்பு இன்னும் புதிராகவே இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாரில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டார். 1954-இலும் 1955-இலும் அவர்கள் வெளியிட்ட விடை: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. மூன்று புரிக் கயிறு திரித்த கை எதுவும் இதை உடனே புரிந்துகொள்ளும். ஒரு புரியை மட்டும் இழுத்தால் அறும். மூன்றும் முறுக்கிக்கொண்டால் மாட்டைக் கட்டலாம். நம் தோல், தசைநார், ஈறு, பல்லைப் பிடித்திருக்கும் நார் எல்லாம் இந்தக் கயிறுதான்.

பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அண்மையில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-இல் தொடங்கப்பட்டது. தோல் என்றால் கொலாஜன் என்பதால், செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடும் வித்தையோடு நிற்காமல், இந்த நாரை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியும் அங்கே வளர்ந்தது. தீப்புண்ணுக்கு மேலே போர்த்தும் கொலாஜன் படலங்கள் போன்றவை சென்னையில் வேரூன்றியதற்கு இந்தச் சூழல் உதவியது.

இத்தனை உறுதியான கயிறு ஈறு நோயில் எப்படி அறுகிறது? 1962-இல் அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாபியேர் என்ற இருவர் தலைப்பிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் கரைந்து போகிறதல்லவா? வால் எங்கே போகிறது என்று தேடியபோது, உடம்பே சுரக்கும் ஒரு நொதி கொலாஜன் கயிற்றை வெட்டுவதைக் கண்டார்கள். அதே வகை நொதி மனித ஈறிலும் உண்டு. அழுக்கில் உள்ள கிருமிகளை எதிர்க்கப் புறப்படும் நம் சொந்தப் படை, அந்த ஆவேசத்தில் நம் சொந்தக் கயிறுகளையே அறுத்துவிடுகிறது. வேகமாக நோய் பாய்ந்த அந்த எட்டுப் பேருக்கும், அசையாமல் நின்ற பதினொரு பேருக்கும் உள்ள வேற்றுமையில் ஒரு பகுதி, படை எவ்வளவு ஆவேசப்படுகிறது என்பதில் இருக்கிறது என்று இன்று கருதுகிறார்கள். புகையிலையும் நீரிழிவும் அந்த ஆவேசத்துக்கு எண்ணெய் வார்க்கின்றன.

இனி டெட்ராசைக்ளின் என்ற மருந்து. இதன் முன்னோடியான ஆரியோமைசின் 1948-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் வெளிவந்தது. மண்ணில் வாழும் ஒரு பொன்னிற நுண்ணுயிரிலிருந்து அதை எடுத்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியல் அறிஞர். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1923-இல் அமெரிக்கா போனவர். மருந்து வெளிவந்த அதே 1948-இல் அவர் காலமானார். இந்தக் குடும்பத்து மருந்துகள் ஈறு நோய்க் கிருமிகளை அடக்கும். மேலும் 1983-இல் லோர்ன் கோலப் என்பவர் வேறொன்றைக் கண்டார்: கிருமியைக் கொல்வது ஒரு புறம் இருக்க, கொலாஜனை வெட்டும் நொதியையும் இம்மருந்து அடக்குகிறது. கத்தியைப் பிடுங்கிக்கொள்கிற மருந்து என்று சொல்லலாம்.

மாத்திரையாக விழுங்கினால் என்ன? விழுங்கலாம். ஆனால் உடம்பு முழுவதும் சுற்றி, ஈற்றுப் பைக்கு வந்து சேர்வது ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். அதற்குள் வயிறு புரட்டும். கருவுற்ற தாயும் சிறு பிள்ளைகளும் டெட்ராசைக்ளின் சாப்பிட்டால் பிள்ளையின் பற்கள் மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறிவிடும். பல்லைக் காக்க வந்த மருந்து பல்லைக் கெடுக்கும் விந்தை!

இங்கேதான் 'தங்கும் பொருள்' உள்ளே வருகிறது. 1964-இல் அமெரிக்காவில் ஜூடா போக்மன் என்ற மருத்துவரும் டேவிட் லாங் என்பவரும் சிலிக்கோன் ரப்பருக்குள் மருந்தை அடைத்தால் அது சுவர் வழியே மெல்ல மெல்லக் கசியும் என்று காட்டினார்கள். (இது நம் பால்மரத்து ரப்பர் அன்று, ஆலையில் செய்யும் வேறொரு ரப்பர்.) சீவிய மரத்தில் பால் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை, சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்குகிறது. மருந்தும் அப்படி இறங்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் பாஸ்டன் நகரத்து மாக்ஸ் குட்சன். 1979-இல் உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகளில் டெட்ராசைக்ளினை நிரப்பி ஈற்றுப் பைக்குள் செருகினார். அந்த இழை மருந்தைச் சீக்கிரமே விட்டுவிட்டது. பிறகு வேறொரு பொருளில் இழை செய்தார்கள். செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் மெத்தென்ற பிளாஸ்டிக் இருக்கிறதே, அந்த வகை. அரை மில்லிமீட்டர் பருமனுள்ள இழையைப் பல்லைச் சுற்றி மடித்து மடித்து அடைத்துவிட்டால் பத்து நாள் மருந்து கசியும். பையிலே மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டியது. மாத்திரை தந்த சில மைக்ரோகிராம் எங்கே, இது எங்கே! 1994-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. ஆனால் இழை கரையாது. பத்தாம் நாள் மறுபடி மருத்துவரிடம் போய் எடுக்க வேண்டும். நாட்கூலிக்காரனுக்கு இன்னொரு நாள் சம்பளம் போகும். நாளடைவில் அந்த இழை சந்தையிலிருந்து மறைந்தது.

ஆகவே அடுத்த தேவை, வேலை முடிந்ததும் தானே கரைந்து போகும் பொருள். ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் குளோர்ஹெக்சிடினை ஒரு சிறு வில்லையில் பொதிந்தார்கள். 4 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் நீளம், நகத்துண்டுபோல மெலிவு, உள்ளே 2.5 மில்லிகிராம் மருந்து. வில்லை எதனால் ஆனது தெரியுமா? ஜெலட்டின். எலும்பையும் தோலையும் கொதிக்க வைத்தால் கிடைக்கும் பசை. அதாவது முறுக்குப் பிரிந்த கொலாஜன். 1998-இல் அனுமதி பெற்ற இந்த வில்லை ஏழு முதல் பத்து நாளில் கரைந்து போகிறது. அதே ஆண்டில் இன்னொன்று வந்தது: ஊசிக் குழாயால் பைக்குள் செலுத்தும்போது திரவம், உள்ளே ஈரம் பட்டதும் கெட்டியாகிவிடும். தட்டில் ஊற்றிய ரப்பர் பாலில் அமிலம் கலந்தால் உறைகிறதே, அதுபோல. பையின் கோணல்மாணல் எப்படியோ அப்படியே போய் நிரம்பும். 2001-இல் தூள்போன்ற நுண்மணிகளாக ஒன்று வந்தது. அறுவைக்குப் பின் தானே கரையும் தையல் நூல் எதனால் ஆனதோ, அதனாலேயே அந்த மணிகளும் ஆனவை.

சென்னை என்ன செய்தது? வில்லைக்கும் இழைக்கும் கொலாஜன் நாரையே எடுத்துக்கொண்டது. நன்னீர் மீனிலிருந்து எடுத்த கொலாஜனில் குளோர்ஹெக்சிடினைப் பொதிந்த வில்லை 'பெரியோகால்' என்ற பெயரில் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து வருகிறது. இன்னொரு சென்னை நிறுவனத்தின் 'பீரியடான்டல் பிளஸ்' என்பது பஞ்சு நூல்போன்ற கொலாஜன் இழை. ஏறக்குறைய 25 மில்லிகிராம் நாரில் 2 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் ஊறியிருக்கும். நனைத்து, பைக்குள் வைத்து அழுத்திவிட்டால் போதும், எடுக்க வேண்டியதில்லை. இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளில் பல ஆய்வுகள் இவற்றைக் கொண்டு நடந்திருக்கின்றன. அறுந்த கயிற்றைக் காக்கும் மருந்தை, அதே கயிற்றில் கட்டி அனுப்புகிறார்கள். இராமச்சந்திரன் எக்ஸ்ரே தகட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டபோது ஈறு நோயை நினைத்திருக்க மாட்டார் என்பது நிச்சயம்.

இதைக் கேட்டதும், ஒரு வில்லையை வைத்துவிட்டால் பல் கெட்டியாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு அடக்கமானது. காறையைச் சுரண்டி வேரைச் சுத்தப்படுத்தினாலே பை ஓரளவு சுருங்குகிறது. அதோடு இந்தத் தங்கும் மருந்தையும் வைத்தால் கிடைக்கும் கூடுதல் நன்மை சராசரியாக அரை மில்லிமீட்டருக்குள்தான். சில இடங்களில் அந்த அரை மில்லிமீட்டர் ஒரு பல்லைக் காப்பாற்றும்; எல்லா இடத்திலும் காப்பாற்றாது. சுத்தம் செய்யாமல் வில்லையை மட்டும் வைப்பது, களை பிடுங்காமல் உரம் போடுவதற்குச் சமம். விலையும் சும்மா இல்லை. ஒவ்வொரு பைக்கும் தனித்தனி வில்லை. ஆகையால் பிடோக் பலதுறை மருந்தகத்தின் பல் பிரிவானாலும் சரி, மலேசியாவிலோ மலைநாட்டிலோ உள்ள அரசாங்கப் பல் மருந்தகமானாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது காறை எடுப்பதைத்தான். சுத்தம் செய்து சில வாரம் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, அப்போதும் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாத பை இருந்தால், மருத்துவரே இந்த மருந்தைப் பற்றிப் பேசுவார். நீரிழிவு இருந்தால், கருவுற்றிருந்தால், முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்லட்டும். வில்லை வைத்த பிறகு ஒரு வாரம் பத்து நாள் அந்தப் பல்லிடுக்கில் குச்சியோ நூலோ விடக் கூடாது.

ஈற்றுப் பைக்கு வெளியே, கன்னத்திலும் உதட்டிலும் நாக்கிலும் வரும் புண்களின் கதை வேறு. அங்கே செருகி வைக்கப் பை இல்லை. வழுக்கும் ஈரச் சுவர்தான். அதற்கு ஒட்டும் பசை கண்டார்கள். ஜெலட்டினும் பழப் பசையும் கலந்த களிம்பில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து தருகிறார்கள். எச்சில் பட்டதும் அது பிசினாகி ஒட்டிக்கொள்ளும். ஜப்பானில் சுனேஜி நாகாய் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சியிலிருந்து 1980-களில் இரண்டு அடுக்கு வில்லை ஒன்று வந்தது. ஓர் அடுக்கு ஒட்டும், மறு அடுக்கு மூடும். அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்டில் பிறந்த நாரிழை ஒட்டுப் பட்டையும் இதே தத்துவம்தான்: உள்பக்கம் மருந்து, வெளிப்பக்கம் எச்சிலைத் தடுக்கும் திரை. நாட்பட்ட வாய் அழற்சிக்காரர்களிடம் அதைச் சோதித்திருக்கிறார்கள்.

இந்தக் களிம்புகள் மருந்துக் கடைகளில் கிடைப்பதால் ஒரு விபரீதமும் உண்டு. தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் வாயில் வேறொரு நோய் ஒளிந்திருக்கலாம். ஈறு நோயில் கொலாஜன் கயிறு அறுகிறது என்றேன். பாக்கில் நேர்மாறு நடக்கிறது. பாக்கின் துவர்ப்பும் அதிலுள்ள நஞ்சும் கன்னத்து நார்களைக் கரையவிடாமல் குவித்து, தோல் தொட்டியில் போட்டதுபோல இறுக்கிவிடுகின்றன. கன்னம் வெளுத்து மரத்துப் போகும். காரம் பட்டால் எரியும். வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் 1952-இல் இந்நோய் விவரிக்கப்பட்டது. இறுகிய கன்னத்தைப் பழையபடி ஆக்கும் வில்லையோ பட்டையோ இதுவரை இல்லை; ஊசி மருந்துகள் ஓரளவு தளர்த்தும். நாகர்கோயிலுக்கு அருகே நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆர், வெற்றிலை பாக்கு போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-லேயே எழுதினார். 2003-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம், புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று தீர்ப்பளித்தது. குட்கா, கைனி, சர்தா ஆகியவற்றைச் சிங்கப்பூர் 2016 ஆகஸ்டு முதல் தடை செய்துவிட்டது. வெற்றிலையும் பாக்கும் லிட்டில் இந்தியாவில் இன்னும் கிடைக்கின்றன.

சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். இரண்டு மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், வழித்தால் போகாத வெள்ளைத் திட்டு, காரணமின்றிச் சிவந்த திட்டு, கன்னத்தில் கட்டி, இவற்றின்மேல் களிம்பைத் தடவிக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. ஸ்டீராய்டு களிம்பு எரிச்சலைத் தணித்துவிடுவதால், உள்ளே வளர்வது தெரியாமல் மாதங்கள் ஓடிவிடும். வீட்டில் பாக்குப் போடும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய மூன்று விரல்களை ஒன்றாகச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விரல் நுழையவில்லையென்றால் அந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.